நட்சத்திரக் குறியிட்டவை

முட்டைக்கு இருபத்தொரு நாள்.
பதினெட்டில் திருப்புவதை நிறுத்திவிடவேண்டும்.
விசுவமடுக் கூடத்தில் அந்தக் கணக்கு
பொரிபெட்டிக்கே தெரியும்.
எனக்குக் கிடைத்தது ஆட்களின் கணக்கு.

"வட்ஸ்அப்புக்குள்ளேயே ஒரு படிவம் செய்.
தட்டினால் திறக்கவேணும்,
நிரப்பினால் மூடவேணும்.
ஆரும் கோல் எடுத்து
என்ர நேரத்தைத் தின்னக்கூடாது"
என்றார் முதலாளி.

செய்தேன்.
பெயர். பிறந்த திகதி.
ஊர்க்கோழியா, முட்டைக்கோழியா, இறைச்சிக்கோழியா.
எத்தனை குஞ்சு, ஐம்பதுக்குக் குறையாமல்.
நிரந்தர முகவரி.
ஒவ்வொன்றின் தோளிலும்
ஒரு சிறு சிவப்பு நட்சத்திரம்.
எல்லாம் நிரம்பும்வரை
அனுப்பு என்ற பொத்தான்
சாம்பல் பூசிக்கொண்டு கிடக்கும்.

முதல் கிழமை நூற்றுப்பன்னிரண்டு பேர் திறந்தார்கள்.
முப்பத்தொரு பேர் முடித்தார்கள்.
மிச்சப்பேர் எங்கே கழன்றார்கள் என்று
திரை காட்டும்:
பிறந்த திகதியில் ஒருவர்,
எண்ணிக்கையில் நால்வர்,
நிரந்தர முகவரியில்
ஒரு பஸ் நிறைய ஆட்கள்.

அதில் இராசநாயகி என்று ஒருத்தி.
ஏழு இரவு
பதினொன்று நாற்பதுக்கு வந்து
அந்த ஒரே கட்டத்தின் முன்
துடிக்கும் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டுத்
திரும்பிப் போயிருந்தாள்.

விலை கூடவோ என்று
காலையில் அழைத்தேன்.
முத்தையன்கட்டு, இடதுகரை.
பின்னால் இறைப்பு மெசின் இருமிக்கொண்டிருந்தது.

"விலையில பிரச்சினை இல்லைத் தம்பி.
உறுதியில ஒரு விலாசம் கிடக்கு,
அதுக்குள்ள எங்களை இன்னும் விடேல்ல.
அடையாள அட்டையில வேற ஒண்டு.
கடிதம் வாறது கடைக்காரர் வீட்டுக்கு.
படுக்கிறது இங்க.
எது நிரந்தரம் எண்டு பாத்து
நீங்களே ஒண்டைப் போட்டுவிடுங்கோவன்."

நான் போடவில்லை.
அன்றிரவு அந்தக் கட்டத்தைக் கழற்றிவிட்டு
அது இருந்த இடத்தில் எழுதினேன்:
குஞ்சுகளை எங்கே இறக்குவது?

பிறகு வந்தவற்றைப் பார்த்திருக்கவேண்டும்.

மதகு தாண்டி நாலாவது பாலை. நீலத் தாங்கி.

கோயிலுக்குப் பின் ஒழுங்கை.
மூன்றுதரம் ஹோன் அடிக்கவும், இவருக்குக் காது மந்தம்.

யானைவேலி திறந்திருந்தால் உள்ளே வாருங்கள்.
பூட்டியிருந்தால் நான் வருவேன்.

வெள்ளி வேண்டாம். காணி வழக்கு.

லொறிக்காரரின் மனைவி எனக்கு மச்சாள்.
அவருக்குத் தெரியும்.

லொறிக்காரர் சுகிர்தரன்
அந்தக் கிழமைதான் முதற்தடவையாக
வெயில் ஏறமுதல் வெறும் பெட்டிகளோடு திரும்பினார்.
முதலாளிக்குக் கோபம்.
"வரிசைப்படுத்த ஏலாத விலாசம் என்ன விலாசம்?"
பிறந்த திகதியை மட்டும்
தொடக்கூடாது என்றார்.
வாழ்த்து அனுப்பி, வாழ்த்தின் வாலில்
தீவனம் விற்கிற திட்டம்.
முதல் வாழ்த்துக்கே மறுமொழி வந்தது:
'நன்றி. அது பதிவு எடுத்த நாள்.
பிறந்தது மாரியில, வெள்ளம் எண்டு சொல்லுவினம்.'

இந்தப் புதன்கிழமை
மல்லாவியிலிருந்து சவிரிமுத்து.
இருநூறு குஞ்சு, ஊர்க்கோழி.
கடைசிக் கட்டம்வரை ஒழுங்காக வந்தவர்
'ஒப்புக்கொள்கிறேன்' என்பதில் தட்டவில்லை.
படிவத்தை மூடிவிட்டுக்
கீழே, வெறும் செய்தியாக எழுதினார்:

'அரிசிக்கு, தறப்பாளுக்கு, வீட்டுக்கு எண்டு
கன தாளில பெயர் எழுதிக் குடுத்தனாங்கள்.
முதல்ல இதைச் சொல்லுங்கோ.
நீங்கள் இதை ஆருக்குக் குடுப்பியள்?'

முந்தநாள்தான்
முதலாளி சொல்லி
முழுப் பட்டியலையும்
தவணைக்கடன் கொம்பனிப் பொடியனுக்கு
அனுப்பியிருந்தேன்.
பெயர், இலக்கம், நாலாவது பாலை, நீலத் தாங்கி,
வழக்குக்குப் போகிற கிழமை.

'ஐயா' என்று தொடங்கினேன்.
அழித்தேன்.
'எங்கள் நிறுவனம்' என்று தொடங்கினேன்.
அழித்தேன்.
கூடத்தில் ஒரு தட்டு பொரிந்து
கீச்சிடத் தொடங்கியிருந்தது.

பதினொன்று நாற்பது.
மல்லாவியில், அவருடைய கையில்
'எழுதுகிறார்' என்று
காட்டிக்கொண்டிருக்கும்.